ஆன்மிகத் தளத்தைப் புதுப்பித்த பிறகு பழைய இணைப்புகளைச் சரிசெய்வது: முழுமையான வழிகாட்டி

புதிய வடிவமைப்பு அழகாக இருக்கிறது, மொபைலில் நன்றாகத் திறக்கிறது, எல்லோருக்கும் திருப்தி. இரண்டு நாள் கழித்து யாராவது ஒருவர் கேட்பார்: "தினமும் காலையில் நான் திறந்து படிக்கும் அந்தப் பாராயணப் பக்கம் எங்கே போச்சு?" அதே நாளில் இன்னொருவர், நான்கு வருடத்துக்கு முன்பு வாட்ஸ்அப்பில் வந்த சொற்பொழிவு லிங்க் திறக்கவில்லை என்பார். பக்கங்கள் எல்லாம் பத்திரமாகத்தான் இருக்கும். முகவரிதான் மாறியிருக்கும்.

இது அபூர்வமான சங்கதி இல்லை. 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் 2023இல் திறக்கவில்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் கண்டறிந்தது. அவற்றில் பெரும்பாலானவற்றில் தளம் உயிரோடுதான் இருக்கிறது, அந்தப் பக்கம் மட்டும் காணாமல் போயிருக்கிறது. சமயத் தளங்களுக்கு இந்த அடி கூடுதலாகவே விழும். செய்தித் தளத்தில் பத்து வருடப் பழைய பக்கத்தை யார் தேடப்போகிறார்கள்? ஆனால் ஒரு பாடலோ வேதப் பகுதியோ விளக்கவுரையோ பத்து வருடத்தில் பழசாவதில்லை. லிங்க் பழசாக ஆக, அது இன்னும் அதிக இடங்களில் பரவியிருக்கும்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரு விஷயத்தை வலியுறுத்தப்போகிறேன்: வரிசை. முதலில் பழைய முகவரிகள் எல்லாம் பதில் சொல்ல வேண்டும். அடுத்து உங்கள் தளத்துக்குள் இருக்கும் இணைப்புகளைத் திருத்த வேண்டும். வெளியாரிடம் திருத்தச் சொல்லிக் கேட்பது கடைசி. பலரும் நடுவில் உள்ளதை மட்டும் செய்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஆனால் உங்கள் பக்கத்துக்கு வருகிற லிங்குகளில் பெரும்பகுதி உங்கள் கையில் இல்லை. புத்தகத்தில் அச்சானது, குடும்பக் குழுவில் பகிர்ந்தது, யாரோ புக்மார்க் செய்துவைத்தது எதையும் நீங்கள் திருத்த முடியாது. பழைய முகவரிக்கு யார் வந்தாலும் சரியான இடத்துக்கு அனுப்பிவைப்பதுதான் உங்களால் முடிந்தது.

தொடங்கும் முன்

பழைய தளத்தை அழித்துவிடாதீர்கள். கோப்புகள், டேட்டாபேஸ் இரண்டையும் முழுதாக பேக்கப் எடுங்கள். முடிந்தால் பழைய தளத்தின் பிரதி ஒன்றைக் கடவுச்சொல் போட்டு, தேடுபொறி நுழையாதபடி ஒரு துணை முகவரியில் ஓடவிடுங்கள். அடுத்து வரும் வேலைகளில் "இந்தப் பழைய பக்கத்தில் என்னதான் இருந்தது?" என்ற கேள்வி திரும்பத் திரும்ப வரும். அப்போது நினைவை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

இன்னொன்று. வடிவமைப்பு மாறினால் முகவரியும் மாறியே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. புதிய மென்பொருளின் இயல்பான அமைப்பு அப்படி இருக்கிறது என்பதால்தான் பெரும்பாலும் மாறுகிறது. வடிவமைப்பாளரோடு பேசும் முதல் நாளிலேயே "பழைய முகவரிகளை அப்படியே வைத்துக்கொள்ள முடியுமா?" என்று கேளுங்கள். பாதிப் பக்கங்களுக்கு முடியும் என்றாலும் பாதி வேலை மிச்சம். ஏற்கெனவே மாறிவிட்டதா? சரி, மேலே படியுங்கள்.

முதல் படி: பழைய முகவரிகளைத் திரட்டுவது

எந்த ஒரு இடத்திலும் முழுப் பட்டியல் கிடைக்காது. பல இடங்களிலிருந்து எடுத்து ஒரே ஷீட்டில் கொட்டி, இரட்டிப்பாக வந்ததை நீக்க வேண்டும்.

பழைய தளத்தின் சைட்மேப் கோப்பிலிருந்து, அதாவது தேடுபொறிக்காகப் பக்க முகவரிகளைப் பட்டியலிடும் கோப்பிலிருந்து தொடங்குங்கள். அதில் இப்போதைய பக்கங்கள்தான் இருக்கும், ஏற்கெனவே ஒரு முறை மாறிப்போன முகவரிகள் இருக்காது. தளம் நடத்துபவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் கருவியில் பக்கங்களுக்கான அறிக்கையையும் இணைப்புகளுக்கான அறிக்கையையும் இறக்கிக்கொள்ளுங்கள். பக்க அறிக்கை ஒவ்வொரு வகையிலும் 1000 முகவரிக்கு மேல் காட்டாது என்பதால் பெரிய தளத்துக்கு அது மட்டும் போதாது. அப்புறம், பழைய இணையப் பக்கங்களின் பிரதிகளைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின். உங்கள் டொமைன் பெயரைக் கொடுத்து, அதன்கீழ் அது சேமித்துள்ள எல்லா முகவரிகளையும் பட்டியலிடச் சொல்லலாம். முந்தைய வடிவமைப்புகளின் முகவரிகள், நீங்களே மறந்துபோன பிடிஎஃப்கள் எல்லாம் அங்கே வரிசையாக வந்து நிற்கும்.

எல்லாவற்றிலும் உண்மையைச் சொல்வது சர்வர் லாக்தான். யார் எந்த முகவரியைக் கேட்டார்கள், கிடைத்ததா இல்லையா என்று அது அப்படியே எழுதிவைத்திருக்கும். இங்கேதான் சமயத் தளங்களுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. பல ஹோஸ்டிங் சேவைகள் லாக்கைச் சில வாரம்தான் வைத்திருக்கும். வழக்கமான தளத்துக்கு அது போதும். உங்கள் தளத்திலோ மார்கழிப் பாடல்கள், தவக்காலத் தியானங்கள், ரமலான் நோன்பு நேரங்கள் போன்ற பக்கங்கள் வருடத்தில் பதினோரு மாதம் தூங்கும். ஒரு மாத லாக்கைப் பார்த்து "இதற்கு ஆளே வருவதில்லை" என்று ஒதுக்கினால், அந்தக் காலம் வரும்போது ஒரே நாளில் எல்லோரும் வந்து மூடிய கதவைத் தட்டுவார்கள். ஆகவே லாக்கோ அனலிடிக்ஸோ, குறைந்தது ஒரு முழு வருடத்தைப் பாருங்கள். ரமலான் சூரிய நாட்காட்டியில் வருடத்துக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்வதால், "போன வருடம் இதே மாதம்" என்று பார்ப்பதும் சரிப்படாது. பருவப் பக்கங்களைத் தனியாகக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக, கணினிக்கு வெளியே தேடுங்கள். அச்சிட்ட கையேடுகள், அழைப்பிதழ்கள், சுவரில் மாட்டிய பலகைகள், கியூஆர் கோடுகள், குறுந்தகட்டின் உறை. இவற்றில் உள்ள ஒவ்வொரு முகவரியையும் தட்டச்சு செய்து ஷீட்டில் சேருங்கள். எண்ணிக்கையில் சிலதான் இருக்கும், ஆனால் அவற்றை எக்காலத்திலும் திருத்த முடியாது.

இரண்டாம் படி: எது எங்கே போகிறது என்று வரையறுப்பது

ஷீட்டில் ஒவ்வொரு பழைய முகவரிக்கும் எதிரே புதிய முகவரி, என்ன செய்ய வேண்டும், யார் சரிபார்த்தார் என்று மூன்று கட்டம் போடுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் மொத்த வேலையின் தரமும் இந்த ஷீட்டில்தான் இருக்கிறது.

அதே உள்ளடக்கம் புதிய முகவரியில் இருந்தால் சர்வர் சொல்ல வேண்டிய பதில் எண் 301, அதாவது பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதுக்கு அனுப்பும் நிரந்தரத் திசைமாற்றம். இரண்டு மூன்று சிறு பக்கங்களை ஒரே பக்கமாக இணைத்திருந்தால் மூன்றுக்கும் 301, போய்ச் சேருவது அந்த இணைந்த பக்கம். வேண்டுமென்றே நீக்கிய பக்கமா? அதற்கு 410 கொடுங்கள். "இருந்தது, இப்போது இல்லை, இனி வராது" என்று அது தேடுபொறிக்குச் சொல்லும். 404 என்றால் "கிடைக்கவில்லை" என்பதோடு சரி.

செய்யவே கூடாத ஒன்று உண்டு: பொருத்தம் தெரியாத எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் தள்ளிவிடுவது. ஒரே வரியில் வேலை முடிகிறதே என்று பலர் செய்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட துதியைத் தேடி வந்தவர் முகப்பில் போய் விழுந்தால், லிங்க் வேலை செய்கிறது என்று நினைத்து அங்கேயே தேடுவார், கிடைக்காமல் போய்விடுவார். கூகுளும் இப்படிப்பட்ட திசைமாற்றங்களை மறைமுகமான 404 என்றே கணக்கு வைக்கும். பொருத்தமான பக்கம் இல்லை என்றால் நேர்மையாக 404 காட்டி, அந்தப் பக்கத்தில் ஒரு தேடல் பெட்டியும் முக்கியப் பிரிவுகளின் பட்டியலும் வையுங்கள்.

முகப்பில் விழுவதைவிட மோசமானது தவறான பக்கத்தில் விழுவது. சமய நூல்களை எண்ணை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு இணைத்தால் அது நடக்கும். விவிலியத்தில் "ஆண்டவரே என் ஆயர்" என்று தொடங்கும் சங்கீதம் எபிரேய வரிசையில் 23. கிரேக்க, லத்தீன் மரபு வரிசையில் அது 22. பகவத் கீதையின் 13ஆம் அத்தியாயத்தில் சில பதிப்புகளில் 34 சுலோகம், சிலவற்றில் அர்ச்சுனனின் கேள்வி முதலில் சேர்ந்து 35. அந்தப் பதிப்பில் அத்தியாயம் முழுக்க ஒவ்வொரு எண்ணும் ஒன்று தள்ளிப்போகும். புதுப்பிக்கும்போது மூலப் பதிப்பையும் மாற்றியிருந்தால், "சங்கீதம்-22 என்பது சங்கீதம்-22க்கு" என்று எழுதிய விதி வாசகரை இன்னொரு பாடலில் கொண்டுபோய் நிறுத்தும். எந்தப் பிழைச்செய்தியும் வராது, எந்தக் கருவியும் கண்டுபிடிக்காது. இந்த வகைப் பக்கங்களை நூலை அறிந்த ஒருவர் முதலடியைப் படித்துப் பொருத்த வேண்டும். தொழில்நுட்பம் தெரிந்தவரும் நூல் தெரிந்தவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய இடம் இது.

ஆயிரக்கணக்கில் பக்கம் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க முடியாது. அதிகம் பார்க்கப்படுபவை, வெளித் தளங்கள் இணைத்தவை, அச்சில் ஏறியவை, பருவப் பக்கங்கள் ஆகியவற்றை முதலில் கையால் பொருத்துங்கள். மீதிக்குப் பொது விதி எழுதலாம்.

மூன்றாம் படி: முகவரியில் தமிழ் எழுத்து இருந்தால்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது, ஆனால் தமிழ்த் தளங்களில் இணைப்புகள் அதிகமாக அறுவது இங்கேதான்.

முகவரிப் பட்டையில் "/கோயில்" என்று அழகாகத் தெரிந்தாலும், பின்னால் சர்வருக்குப் போவது சதவீதக் குறிகளால் ஆன நீண்ட சரம். யூனிகோடில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறியும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் முகவரியில் 3 குறி. ஆக ஒரு தமிழ் எழுத்துக்குறி முகவரியில் 9 குறியாக நீளும். "கோயில்" என்பதில் க, ஓகாரக் குறி, ய, இகரக் குறி, ல, புள்ளி என ஆறு குறிகள், மொத்தம் 54.

அந்த ஓகாரக் குறியில்தான் வினை இருக்கிறது. அதை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலும் என இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். சர்வருக்கோ முதலாவது 54, இரண்டாவது 63, இரண்டும் வெவ்வேறு முகவரி. ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதைதான். பழைய எழுத்துரு மாற்றிகளில் மாற்றியவை, சில விசைப்பலகைகளில் அடித்தவை, பழைய மேக் கணினிகளில் பெயரிட்டு ஏற்றிய கோப்புகள் ஆகியவற்றில் பிரிந்த வடிவம் வரும். இதற்குத் தீர்வு இருக்கிறது: யூனிகோடின் என்எஃப்சி என்னும் ஒருமைப்படுத்தும் முறை. ஷீட்டில் உள்ள எல்லா முகவரிகளையும் ஒரு சிறு நிரலால் அந்த வடிவத்துக்கு மாற்றுங்கள். பிரிந்த வடிவத்தில் இருந்த பழைய முகவரிகளை மட்டும் தனி வரியாக வைத்து, அவற்றுக்கும் திசைமாற்றம் எழுதுங்கள்.

என்எஃப்சி தீர்க்காதது ஒன்று, அதுவும் ஆன்மிகத் தளத்தில் பக்கத்துக்குப் பக்கம் வருவது: ஸ்ரீ. இதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒரே உருவம், எந்த ஒருமைப்படுத்தலும் அவற்றை ஒன்றாக்காது. பழைய தளத்தில் எது இருந்தது என்று பார்த்து இரண்டுக்கும் விதி எழுதுங்கள். ஔ என்ற எழுத்துக்குப் பதில் ஒ, ள என்று இரண்டெழுத்தாக அடித்ததும் இப்படித்தான்.

வேர்ட்பிரஸ் மென்பொருளில் தளம் நடத்துபவர்களுக்கு இன்னொரு தலைவலி. தலைப்பிலிருந்து தானாக உருவாகும் முகவரித் துண்டு 200 குறியைத் தாண்டாது. ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழில் 22 எழுத்துக்குறியோடு அறுந்துவிடும். "காலை நேரப் பிரார்த்தனைப் பாடல் விளக்கம் 1" என்று தலைப்பிட்டால் கிடைப்பது "காலை-நேரப்-பிரார்த்தனைப்" வரைதான். பாடல் 2, பாடல் 3 எல்லாமே அதே இடத்தில் அறுவதால், வேர்ட்பிரஸ் வால் பக்கம் 2, 3 என்று தானே ஓர் எண் சேர்க்கும். அந்த எண் பாடலின் எண் இல்லை, பதிவு ஏறிய வரிசை. புதிய தளத்துக்கு மாற்றும்போது பதிவுகள் வேறு வரிசையில் ஏறினால், பழைய "7" புதிதில் வேறு பாடல். ஆகவே இத்தகைய பக்கங்களை முகவரியின் வாலைப் பார்த்துப் பொருத்தாதீர்கள், பதிவின் உள் எண்ணை வைத்துப் பொருத்துங்கள். புதிய தளத்தில் முகவரித் துண்டைக் கையால், சுருக்கமாக, உண்மையான பாடல் எண்ணோடு எழுதிவிடுங்கள்.

நான்காம் படி: திசைமாற்ற விதிகள்

அப்பாச்சி சர்வர் என்றால் டாட் எச்டிஆக்சஸ் கோப்பில், என்ஜின்எக்ஸ் என்றால் அதன் அமைப்புக் கோப்பில், வேர்ட்பிரஸ் என்றால் ரீடைரக்‌ஷன் போன்ற பிளகின் (வேர்ட்பிரஸோடு சேர்க்கும் கூடுதல் நிரல்) வழியாக எழுதலாம். பிளகினில் ஷீட்டை அப்படியே ஏற்றலாம், கிடைக்காத முகவரிகளின் பட்டியலையும் அது காட்டும். தன்னார்வலர்கள் நடத்தும் தளத்துக்கு அதுவே என் பரிந்துரை. நாளை வேறொருவர் பொறுப்பேற்றாலும் சர்வருக்குள் போகாமல் பார்த்துத் திருத்தலாம்.

முதலில் எல்லாவற்றையும் 302 என்ற தற்காலிகத் திசைமாற்றமாக எழுதிச் சோதியுங்கள். 301ஐ உலாவி நினைவில் வைத்துக்கொள்ளும். தவறாக எழுதிய 301ஐ நீங்கள் சர்வரில் திருத்திய பிறகும், ஒரு முறை வந்துபோனவரின் உலாவி பழைய தவறான இடத்துக்கே போகக்கூடும். எல்லாம் சரி என்று உறுதியான பிறகு 301 ஆக்குங்கள்.

பழைய தளம் "பக்கம்.பிஎச்பி?எண்=112" போன்ற முகவரிகளில் ஓடியிருந்தால் கவனம். அப்பாச்சியின் சாதாரண ரீடைரக்ட் விதி கேள்விக்குறிக்கு முன்பு உள்ளதைத்தான் பார்க்கும், 112உம் 113உம் அதற்கு ஒன்றுதான். கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளதைச் சோதிக்கும் நிபந்தனையைத் தனியாக எழுத வேண்டும். புதிய முகவரியின் வாலில் அந்த "எண்=112" ஒட்டிக்கொண்டு போகாமல் வெட்டிவிடவும் வேண்டும்.

வசனம் வரை போகும் லிங்குகள் இன்னும் நுட்பமானவை. "/அதிகாரம்-3#வசனம்-16" என்பதில் # குறிக்குப் பின்னால் உள்ள பகுதி சர்வருக்குப் போகவே போகாது, அது உலாவியின் உள்விவகாரம். எனவே சர்வரில் எத்தனை விதி எழுதினாலும் அதைத் தொட முடியாது. நல்ல செய்தி என்னவென்றால், பக்கத்தைத் திசைமாற்றும்போது உலாவி அந்த வாலைத் தானே புதிய முகவரியிலும் ஒட்டிக்கொள்ளும். புதிய பக்கத்திலும் அந்த வசனத்துக்கு அதே அடையாளப் பெயரை விட்டுவைத்தால் போதும், லிங்க் நேராக அங்கே போய் நிற்கும். வடிவமைப்பாளர்கள் "சுத்தம் செய்கிறேன்" என்று இந்த அடையாளங்களைத்தான் முதலில் தூக்கிவிடுவார்கள், முன்பே சொல்லிவையுங்கள். ஒரே நீண்ட பக்கமாக இருந்ததைப் பல பக்கங்களாகப் பிரித்திருந்தால், போய்ச் சேரும் பக்கத்தில் சின்ன ஜாவாஸ்கிரிப்ட் ஒன்று வேண்டும். அது வாலைப் படித்து, உரிய பக்கத்துக்கு அனுப்பும்.

மிச்சம் சில்லறை. பழைய சர்வர் விண்டோஸ், புதியது லினக்ஸ் என்றால் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு திடீரென்று முக்கியமாகிவிடும். முன்னால் மூன்று டபிள்யூ உள்ளது, இல்லாதது, எச்டிடிபி, எச்டிடிபிஎஸ், கடைசியில் சாய்கோடு உள்ளது, இல்லாதது ஆகிய எல்லா வடிவமும் ஒரே இடத்துக்குப் போக வேண்டும், அதுவும் ஒரே தாவலில், அதாவது நடுவில் இன்னொரு முகவரியைத் தொடாமல். மூன்று வடிவமைப்புக் கண்ட தளங்களில் முதல் முகவரி இரண்டாவதுக்கும், இரண்டாவது மூன்றாவதுக்கும் தாவும் சங்கிலி உருவாகிவிடும். கூகுள் பத்துத் தாவல் வரை பின்தொடரும் என்றாலும், மெதுவான மொபைல் இணைப்பில் வாசகர் அவ்வளவு பொறுமையாக இருக்க மாட்டார். பழைய விதிகளைத் திறந்து, எல்லாவற்றையும் நேராகக் கடைசி முகவரிக்கே திருப்புங்கள்.

வேர்ட்பிரஸுக்கு ஒரு பழக்கம் உண்டு. முகவரி கிடைக்காவிட்டால், அதே எழுத்துகளில் தொடங்கும் வேறொரு பதிவை ஊகித்து அங்கே அனுப்பிவிடும். பாதியில் அறுந்த தமிழ் முகவரிகளில் இந்த ஊகம் தவறான பாடலில் கொண்டுபோய் விடும் என்பதால், இதை அணைத்துவிடச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: பிடிஎஃப், ஒலி, ஓடைகள்

பக்கங்களுக்கு விதி எழுதிவிட்டுக் கோப்புகளை மறந்துவிடுவது சகஜம். வாட்ஸ்அப்பில் சுற்றும் லிங்குகளில் பல நேராக எம்பி3க்கோ பிடிஎஃப்புக்கோ போகிறவை. முடிந்தவரை பழைய கோப்புறையை அதே இடத்தில் அதே பெயரில் விட்டுவிடுங்கள். சேமிப்பிட மிச்சத்துக்காக நகர்த்தினால் கோப்புக்குக் கோப்பு திசைமாற்றம் வேண்டும்.

சொற்பொழிவுகளைப் பாட்காஸ்டாக வெளியிடுகிறீர்கள் என்றால், புதிய உரைகளைச் செயலிகளுக்குத் தெரிவிக்கும் ஆர்எஸ்எஸ் ஓடையின் பழைய முகவரியிலிருந்து புதியதுக்கு 301 கொடுங்கள். ஓடைக்குள் ஒவ்வொரு உரைக்கும் ஓர் அடையாள எண் இருக்கும். தளம் மாறும்போது அதை மாற்றவிடாதீர்கள். மாறினால் செயலிகள் பத்து வருட உரைகளையும் புதிது என்று நினைத்துக் கேட்பவரின் பட்டியலில் மீண்டும் கொட்டும்.

ஆறாம் படி: உள் இணைப்புகளைத் திருத்துவது

திசைமாற்றம் இருக்கிறதே, உள்ளே ஏன் திருத்த வேண்டும்? ஒவ்வொரு சொடுக்குக்கும் வீண் தாவல் எதற்கு என்பது ஒரு காரணம். நாளை யாராவது விதிகளைத் தவறுதலாக அழித்துவிட்டால், தளத்தின் உள்ளேயாவது எல்லாம் வேலை செய்ய வேண்டும் என்பது இன்னொன்று.

வேர்ட்பிரஸில் டேட்டாபேஸைத் திறந்து நேரடியாகத் தேடி மாற்றாதீர்கள். அமைப்புகளையும் விட்ஜெட்டுகளையும் அது சரத்தின் நீளத்தோடு சேர்த்து எழுதிவைக்கும். "43 குறி" என்று பதிந்த இடத்தில் 51 குறி முகவரியைத் திணித்தால் அந்த அமைப்பே படிக்க முடியாமல் போய், பக்கவாட்டுப் பட்டை காணாமல் போகும். பெட்டர் சர்ச் ரிப்ளேஸ் போன்ற பிளகின் அந்த நீளத்தையும் சேர்த்துத் திருத்தும். மாற்றாமல் எண்ணிக்கை மட்டும் காட்டும் ஒத்திகை வசதியும் அதில் உண்டு. முதலில் ஒத்திகை, அப்புறம் பேக்கப், அப்புறம்தான் நிஜம். தேடும் சரத்தை எப்போதும் முழு முகவரியாகக் கொடுங்கள். "/பாடல்" என்று மட்டும் கொடுத்தால் "/பாடல்கள்" என்பதும் சேர்ந்து சிதையும்.

பதிவுகளுக்கு வெளியேயும் பாருங்கள்: மெனு, அடிப்பகுதி, மின்னஞ்சல் மடலின் வார்ப்புரு, யூடியூப் விவரணைகள், சமூக ஊடகப் பக்கங்களின் அறிமுகம், பிடிஎஃப்களின் உள்ளே இருக்கும் லிங்க்.

இதே சமயத்தில், உங்கள் தளத்திலிருந்து வெளியே போகும் இணைப்புகளையும் பார்த்துவிடுங்கள். இங்கே இணைப்புச் சோதனைக் கருவியை மட்டும் நம்ப முடியாது. ஏதோ ஒரு மடமோ சபையோ புதுப்பிக்காமல் விட்ட டொமைனை வேறு யாரோ வாங்கி, அதில் சூதாட்ட விளம்பரம் ஓட்டுவார்கள். கருவியைக் கேட்டால் "200, நன்றாகத் திறக்கிறது" என்று சொல்லும். வெளி இணைப்புகளை மனிதக் கண்ணால் ஒரு முறை திறந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை.

ஏழாம் படி: சோதனை

ஷீட்டின் பழைய முகவரிகளை ஸ்க்ரீமிங் ஃப்ராக் போன்ற கருவியில் பட்டியலாகக் கொடுங்கள். இலவசப் பதிப்பு 500 முகவரி வரை பார்க்கும், அதற்கு மேல் பிரித்துப் பிரித்து ஓட்டலாம். ஒவ்வொன்றும் ஒரே தாவலில் 200க்குப் போகிறதா, போய்ச் சேர்ந்த முகவரி ஷீட்டில் எழுதியதுதானா என்று ஒப்பிடுங்கள். பழைய பக்கத்தின் தலைப்பையும் புதிய பக்கத்தின் தலைப்பையும் அருகருகே வைத்துக் கண்ணோட்டம் விட்டால், தவறான பாடலில் விழுந்தவை தெரிந்துவிடும். கையால் சோதிக்கும்போது மறைநிலைச் சாளரம் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் உலாவியின் நினைவு உங்களை ஏமாற்றும். அச்சிட்ட கியூஆர் கோடுகளைக் கையில் வைத்து மொபைலில் ஸ்கேன் செய்து பாருங்கள். தமிழ் முகவரி லிங்குகளை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பித் தட்டிப் பாருங்கள்.

எட்டாம் படி: வெளியாரிடம் கேட்பது

சர்ச் கன்சோலின் இணைப்பு அறிக்கையில் உங்களுக்கு அதிகம் இணைப்புக் கொடுத்த தளங்கள் தெரியும். எல்லோருக்கும் எழுத வேண்டாம், முக்கியமான சிலருக்குப் போதும். கடிதம் இப்படி இருக்கலாம்:

"வணக்கம். உங்கள் தளத்தில் இந்தப் பக்கத்தில் எங்கள் விளக்கவுரைக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறீர்கள், மிக்க நன்றி. எங்கள் தளத்தின் முகவரி அமைப்பு மாறியிருக்கிறது. பழைய முகவரியும் புதிய முகவரியும் கீழே உள்ளன. பழையது இப்போதும் திறக்கும், ஆகவே அவசரம் இல்லை. அடுத்த முறை அந்தப் பக்கத்தைத் திருத்தும்போது மாற்றிவிட்டால் உதவியாக இருக்கும்."

எந்தப் பக்கம், எந்த லிங்க், எதற்குப் பதில் எது என்று மூன்றையும் நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டால் பலரும் மாற்றித் தருவார்கள். "எங்கள் தளம் மாறிவிட்டது, தயவுசெய்து புதுப்பிக்கவும்" என்று பொதுவாக அனுப்பினால் யாரும் தேடிப் பார்க்க மாட்டார்கள்.

விக்கிப்பீடியாவில் வெளி இணைப்புகளைத் தேடும் சிறப்புப் பக்கம் உண்டு. அதில் உங்கள் டொமைனைக் கொடுத்தால் எந்தெந்தக் கட்டுரைகளில் இருக்கிறது என்று தெரியும். அதே உள்ளடக்கத்தின் புதிய முகவரியை இடலாம், நீங்கள் அந்தத் தளத்தோடு தொடர்புடையவர் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு. அந்தச் சாக்கில் புதிய லிங்குகளைச் சேர்த்தால் விளம்பரம் என்று நீக்கிவிடுவார்கள், அது நியாயமும்கூட.

நீங்கள் தளத்துக்காரர் இல்லையென்றால்

உங்கள் கட்டுரையில் இணைத்த ஒரு ஆன்மிகத் தளம் புதுப்பிக்கப்பட்டு, லிங்குகள் அறுந்துவிட்டனவா? பழைய முகவரியை வேபேக் மெஷினில் கொடுத்து அந்தப் பக்கத்தைப் பாருங்கள். அதிலிருந்து தனித்துவமான ஒரு வரியை எடுத்து, மேற்கோள் குறிக்குள் வைத்து, புதிய தளத்துக்குள் மட்டும் தேடச் சொல்லுங்கள். பாடல் வரியைவிட விளக்க வரி நல்லது, பாடல் வரி நூறு தளங்களில் இருக்கும். புதிய பக்கம் கிடைத்தால் முதல் பத்தியை ஒப்பிட்டுவிட்டு மாற்றுங்கள். கிடைக்காவிட்டால் வேபேக் பிரதிக்கே இணைப்புக் கொடுத்து, எந்தத் தேதியில் சேமித்தது என்று பக்கத்தில் குறிப்பிடுங்கள்.

ஒன்பதாம் படி: அதன்பிறகு

முதல் மாதம் வாரத்துக்கு ஒரு முறை 404 பட்டியலைப் பாருங்கள். அதில் பாதி, ஓட்டை தேடும் தானியங்கிகளின் வருகையாக இருக்கும், விட்டுவிடலாம். ஒரே முகவரி வெவ்வேறு ஆட்களிடமிருந்து திரும்பத் திரும்ப வந்தால் அதுதான் நீங்கள் தவறவிட்டது. பிறகு ஒவ்வொரு பண்டிகைக் காலத்துக்கும் இரண்டு வாரம் முன்பு, குறித்துவைத்த பருவப் பக்கங்களை மட்டும் சோதியுங்கள்.

திசைமாற்றங்களைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். அது தேடுபொறியின் கணக்கு. கல்வெட்டாகப் பதித்த கியூஆர் கோட்டுக்கும் புத்தகத்தின் பின்னட்டைக்கும் ஒரு வருடம் என்ன கணக்கு? எடுக்கவே எடுக்காதீர்கள். சில ஆயிரம் விதிகளால் சர்வருக்குப் பெரிய பாரம் எதுவும் இல்லை.

இனி அச்சில் போடும் எதற்கும் உங்கள் சொந்த டொமைனிலேயே ஒரு குறுமுகவரி வையுங்கள், "/நூல்/12" என்பதுபோல. அது எங்கே போக வேண்டும் என்பதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். இலவசக் குறுமுகவரிச் சேவைகளை நம்பி அச்சடிக்க வேண்டாம். கூகுளே நடத்திய அத்தகைய சேவை 2019 மார்ச்சில் புதிய முகவரி கொடுப்பதை நிறுத்திக்கொண்டது.

டொமைன் பெயரே மாறியிருந்தால், பழைய டொமைனுக்கு வருடா வருடம் பணம் கட்டுவதை நிறுத்தாதீர்கள். நீங்கள் விட்ட மறுநாள் அதை வாங்கக் காத்திருப்பவர்கள் யார் என்பதை ஆறாம் படியில் பார்த்தோம். தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டு, நினைவூட்டல் மின்னஞ்சல் ஒரு தனிநபருக்குப் போகாமல் பொது முகவரிக்குப் போகும்படி செய்யுங்கள். கடவுச்சொல் குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும். அந்த ஷீட்டையும் அவர்கள் இருவரிடமே கொடுத்துவையுங்கள், அடுத்த வடிவமைப்பின்போது முதலில் கேட்கப்போவது அதைத்தான்.